பயோமெடிக்கல் படிக்க எந்தக் கல்லூரி, எவ்வளவு செலவு? சேலத்திலிருந்து ஒரு மதிப்பீடு

சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் பயோமெடிக்கல் பிரிவில் பணிபுரிகிறேன். கல்லூரிகளிலிருந்து பயிற்சிக்கு வரும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்ப்பவன் என்ற முறையிலும், இந்த ஆண்டு அக்காவின் மகளுக்காகப் பல கல்லூரிகளுக்கு ஏறி இறங்கியவன் என்ற முறையிலும் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். மருத்துவக் கருவிகளை உருவாக்கவும் பராமரிக்கவும் கற்றுத்தரும் பயோமெடிக்கல் பொறியியலில் நாம் கட்டும் பணத்துக்கு ஈடாகக் கிடைக்க வேண்டியவை இரண்டு: மாணவர் தம் கையால் திறந்து பழகக்கூடிய கருவிகள் உள்ள ஆய்வகம், மாணவரை உள்ளே விட்டு வேலை கற்றுக்கொடுக்கும் மருத்துவமனை. இவை இரண்டும் இருக்கும் இடத்துக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவழிக்கலாம். இல்லாத இடம் எவ்வளவு பேர்பெற்றதாக இருந்தாலும் அதற்காகக் கடன் வாங்கக் கூடாது என்பது என் முடிவு.

அக்காவின் கணவர் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். வெள்ளி விலை ஏறினால் ஆர்டர் குறைவதும், பண்டிகைக்கு முன்னால் இரவு பகலாக வேலை நடப்பதுமாக, வருமானம் ஒரே சீராக வராத வீடு அது. நான்கு ஆண்டுக் கட்டணத்தைத் தவணை தவறாமல் கட்ட முடியுமா என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு அந்த வீட்டில் கல்லூரியைப் பற்றிப் பேசவே முடியாது. சேலத்தில் பெரும்பாலான வீடுகளின் நிலையும் இதுதான் என்பதால் செலவைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன்.

நம் ஊர்க்காரர்களுக்கு உள்ள முதல் சங்கடம், 1966-ஆம் ஆண்டு முதல் கருப்பூரில் இயங்கும் அரசு பொறியியல் கல்லூரியில் பயோமெடிக்கல் பிரிவு இல்லை என்பது. இருந்திருந்தால் வீட்டிலிருந்தே நகரப் பேருந்தில் போய்ப் படித்துவிடலாம். இல்லாததால் சென்னை கிண்டிக்கோ கோவைக்கோ போய் விடுதியில் தங்க வேண்டும். அல்லது சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் உள்ள சுயநிதிக் கல்லூரிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அல்லது அரசின் பொறியியல் கலந்தாய்வுக்கு வெளியே உள்ள நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். மூன்றுக்கும் செலவுக் கணக்கு வெவ்வேறு.

கல்லூரிகளைப் பற்றிச் சொல்வதற்கு முன், இந்தப் படிப்பு யாருக்கு என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும். நீட் தேர்வில் இடம் கிடைக்காத பிள்ளைக்கு மருத்துவத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு படிப்பு என்று நினைத்துச் சேர்ப்பவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வின் 200 மதிப்பெண் கட்-ஆஃப் கணக்கில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்றுதான் இருக்கிறது; உயிரியல் மதிப்பெண் அதில் சேராது. உள்ளே போன பிறகும் உடற்கூறியலும் உடலியங்கியலும் ஒரு பகுதிதான். மின்சுற்று, சிக்னல் பிராசசிங், சென்சார், கண்ட்ரோல் சிஸ்டம் ஆகியவையே பாடத்தின் பெரும்பகுதி. கணிதத்தைக் கண்டு பயப்படும் பிள்ளையை உயிரியல் பிடிக்கும் என்ற ஒரே காரணத்துக்காக இதில் சேர்ப்பது அந்தப் பிள்ளைக்கு நான்கு ஆண்டுத் துன்பம்.

இனி ஆய்வகம். கல்லூரி பார்க்கப் போகிறவர்கள் முகப்புக் கட்டடத்தையும் கருத்தரங்கக் கூடத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது. துறையின் பயோமெடிக்கல் இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆய்வகத்தை, அதுவும் வகுப்பு நடக்கும் நேரத்தில், பார்க்க அனுமதி கேட்க வேண்டும். நாங்கள் பார்த்த ஒரு கல்லூரியில் இ.சி.ஜி. இயந்திரம் கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது. நோயாளியின் உடலில் பொருத்தும் கேபிள், தொழிற்சாலையில் கட்டிய முறுக்குக் கம்பிகூடப் பிரிக்கப்படாமல், மடித்த மடிப்பிலேயே கிடந்தது. அருகில் வைத்திருந்த பதிவேட்டில் வாங்கிய தேதியும் விலையும் இருந்தனவே தவிர, யாரும் எடுத்துப் பயன்படுத்தியதற்கான கையெழுத்து ஒன்றுகூட இல்லை. அந்தக் கல்லூரி கேட்ட தொகை நாங்கள் பார்த்தவற்றுள் மிக அதிகமானவற்றில் ஒன்று.

வேறொரு கல்லூரியின் ஆய்வகம் பார்வைக்குச் சாதாரணமாக இருந்தது. மேசைகள் பழையவை, சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. ஆனால் அங்கே மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் பிரெட்போர்டில், நுண்ணிய மின் சிக்னலைப் பெருக்கும் இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆம்ப்ளிஃபயர் சுற்று ஒன்றை அமைத்து, தோழியின் கைகளில் எலக்ட்ரோடு ஒட்டி, ஆசிலாஸ்கோப்பில் இ.சி.ஜி. அலையை வரவழைக்க முயன்றுகொண்டிருந்தார். திரையில் இதயத் துடிப்பு தெரியவில்லை. மின் இணைப்பிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் பட்டையாக நிறைந்திருந்தது. ஆய்வக உதவியாளர் வந்து, ஒயர்களை நீளமாகத் தொங்கவிடாமல் குறுக்கி முறுக்கச் சொன்னார்; வலது காலுக்கான எலக்ட்ரோடு சரியாக ஒட்டவில்லை என்று காட்டினார். அதைச் சரிசெய்ததும் இரைச்சல் அடங்கி, ஒவ்வொரு இதயத் துடிப்பையும் காட்டும் கியூ.ஆர்.எஸ். முனைகள் ஒவ்வொன்றாக மேலெழுந்தன. அக்கா மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மாமா, அந்தக் காலு ஒயர் இல்லாட்டி ஏன் வர மாட்டேங்குது?” என்று கேட்டாள். அந்தக் கேள்வி பிறக்கும் இடத்தில்தான் இந்தப் படிப்பு இருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் மானிட்டர் திரை கோணல்மாணலாக ஓடுகிறது என்று இரவு நேரத்தில் செவிலியர் அழைக்கும்போது, போர்டைக் கழற்றுவதற்கு முன் எலக்ட்ரோடையும் கேபிளையும் எர்த் இணைப்பையும் பார்க்கத் தெரிந்தவர்களெல்லாம் இப்படிப்பட்ட மேசையில் பழகியவர்கள்.

அதே ஆய்வகத்தில், மருத்துவக் கருவியின் மின் பாதுகாப்பைச் சோதிக்கும் எலக்ட்ரிக்கல் சேஃப்டி அனலைசர் ஒன்றும் இருந்தது. ஆய்வகம் எத்தகையது என்பதை ஒரே கேள்வியில் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் இந்தக் கருவி இருக்கிறதா, மாணவர்கள் அதில் லீக்கேஜ் கரன்ட் அளக்கிறார்களா என்று கேட்டுப் பார்க்கலாம். இதயத்தோடு நேரடித் தொடர்பில் வரும் சி.எஃப். வகைக் கருவியிலிருந்து நோயாளிக்குப் பாயும் கசிவு மின்னோட்டம் இயல்பு நிலையில் 10 மைக்ரோஆம்பியருக்கு மேல் போகக் கூடாது என்பது மின் மருத்துவக் கருவிகளுக்கான ஐ.இ.சி. 60601 பன்னாட்டுத் தரநிலையின் வரம்பு. பாடப்புத்தகத்தில் இந்த எண்ணை மனப்பாடம் செய்தவர்கள் பலர் எங்களிடம் பயிற்சிக்கு வருகிறார்கள். அளந்து பார்த்தவர்கள் சிலரே. பழைய டீஃபிப்ரிலேட்டர், கழித்துக்கட்டிய சிரிஞ்ச் பம்ப், காட்டரி இயந்திரம் ஆகியவற்றை மருத்துவமனைகளிடமிருந்து வாங்கிவந்து மாணவர்கள் பிரித்துப் பார்ப்பதற்கென்றே வைத்திருக்கும் துறைகள் உண்டு. அதற்கு ஆகும் செலவு சொற்பம். அதைச் செய்ய அக்கறையுள்ள ஆசிரியர் ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது மருத்துவமனை. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் பயோமெடிக்கல் மாணவர்களுக்கு மருத்துவமனைப் பயிற்சி ஒரு பகுதியாகவே இருக்கிறது. அதை எப்படி நடத்துகிறார்கள் என்பதில்தான் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபாடு. சில கல்லூரிகள் ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்து, “நீங்களே மருத்துவமனை தேடிக்கொள்ளுங்கள்” என்று அனுப்பிவிடுகின்றன. அந்த மாணவர்கள் சேலத்தின் ஐந்து ரோட்டிலும் ஃபேர்லேண்ட்ஸிலும் மருத்துவமனை வாசல்களில் வரவேற்பு மேசைக்கு முன் காத்திருப்பதைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. சில மருத்துவமனைகள் பயிற்சிக்குக் கட்டணமும் வாங்குகின்றன. அந்தச் செலவு எந்தக் கல்லூரியின் கட்டண அட்டையிலும் இருக்காது. எந்த மருத்துவமனையோடு எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் உள்ளது, எந்தெந்தப் பிரிவுகளுக்குள் அனுமதி, கட்டணம் யார் செலுத்துவது என்று சேர்க்கைக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

இந்தக் கண்ணோட்டத்தில் கோவை பீளமேட்டில் உள்ள பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரிக்கு ஒரு இயல்பான அனுகூலம் இருக்கிறது. அதே அறக்கட்டளையின் மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் அதே பகுதியில் இருக்கின்றன. சேலத்திலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். வார இறுதியில் ரயிலில் வீடு வந்து போகலாம் என்பது பெண்ணை வெளியூர் அனுப்பத் தயங்கும் வீடுகளுக்குப் பெரிய ஆறுதல். கட்-ஆஃப் இடம் கொடுத்தால், விடுதிச் செலவையும் சேர்த்துப் பார்த்தாலும், கொடுத்த காசுக்குத் தகுந்த இடம் என்று சொல்வேன்.

கிண்டி பொறியியல் கல்லூரி எல்லாருடைய பட்டியலிலும் முதலில் நிற்பது நியாயமே. அண்ணா பல்கலைக்கழகமே நேரடியாக நடத்தும் கல்லூரி என்பதால் நன்கொடைப் பேச்சுக்கே இடமில்லை; சென்னையின் பெரிய மருத்துவமனைகளும், மருத்துவக் கருவி நிறுவனங்களும், ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆராய்ச்சிப் பூங்காவில் உள்ள ஹெல்த்கேர் டெக்னாலஜி இன்னொவேஷன் சென்டரும் எட்டும் தொலைவில் இருக்கின்றன. கழுத்தை நெரிக்கும் போட்டி என்பதைத் தவிரக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: பல்கலைக்கழகக் கல்லூரிகளிலும் அரசு உதவிபெறும் கல்லூரிகளிலும் சில பாடப்பிரிவுகளின் பெயருக்குப் பக்கத்தில் எஸ்.எஸ். என்ற குறி இருக்கும். அந்த இடங்கள் சுயநிதி முறையில் நடப்பவை. மற்ற இடங்களைவிடக் கட்டணம் கூடுதல். கல்லூரியின் பெயரை மட்டும் பார்த்து, கட்டணம் குறைவு என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

காலவாக்கம் எஸ்.எஸ்.என். கல்லூரியின் பயோமெடிக்கல் துறை இந்தப் பாடப்பிரிவில் நெடுநாள் அனுபவம் உள்ளது. ஆராய்ச்சியில் நாட்டமுள்ள பிள்ளைக்கு நல்ல இடம். சென்னை விடுதிச் செலவைத் தாங்கும் வீடாக இருக்க வேண்டும். நமக்கு அருகில் என்று பார்த்தால், ஈரோடு திண்டலில் உள்ள வேளாளர் பொறியியல் தொழில்நுட்பக் கல்லூரி இந்தப் பிரிவை மற்றவர்கள் நினைத்துப் பார்ப்பதற்கு முன்பே தொடங்கியவற்றுள் ஒன்று; பல ஆண்டு மாணவர் அணிகள் படித்து வெளியேறியிருப்பதால், முன்னாள் மாணவர்களை நேரில் விசாரித்துத் தெரிந்துகொள்ளும் வசதி உண்டு. அண்மைய ஆண்டுகளில் நம் வட்டாரத்துச் சுயநிதிக் கல்லூரிகள் பலவும் இந்தப் பிரிவைத் தொடங்கியிருக்கின்றன. புதிய துறை என்பதாலேயே அவற்றை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஆனால் இன்னும் ஒரு அணிகூட வெளியே வராத துறையில் வேலைவாய்ப்பு விவரம் என்று எதைக் காட்டினாலும் அது மற்றத் துறைகளின் கணக்கு என்பதைப் பெற்றோர் உணர வேண்டும்.

அங்கீகார விஷயத்திலும் இதே குழப்பம் நடக்கிறது. நாக் தரம் என்பது கல்லூரி முழுவதற்குமானது, என்.பி.ஏ. அங்கீகாரம் பாடப்பிரிவு வாரியாக வழங்கப்படுவது. நுழைவாயிலில் “என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்றது” என்று பலகை இருந்தாலும், அது மெக்கானிக்கலுக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் கிடைத்ததாக இருக்கலாம். பயோமெடிக்கலுக்கு இருக்கிறதா, எந்த ஆண்டுவரை செல்லும் என்று கேட்டு, கடிதத்தைக் காட்டச் சொல்ல வேண்டும். 2016 முதல் வெளிவரும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையும் பொறியியல் கல்லூரியை மொத்தமாகத்தான் வரிசைப்படுத்துகிறது. பயோமெடிக்கலுக்கென்று தனி வரிசை அதில் இல்லை.

அங்கீகாரத்துக்கும் கட்டணத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கட்டண நிர்ணயக் குழு 2017-இல் வகுத்தபடி, சுயநிதிக் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவாக இருந்தால் 55,000 ரூபாய். நிர்வாக ஒதுக்கீட்டுக்கு முறையே 85,000, 87,000 ரூபாய். அந்தக் கணக்கில் பார்த்தால், அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவில் நான்கு ஆண்டுக்கு அரசு ஒதுக்கீட்டில் 2,20,000 ரூபாயும் நிர்வாக ஒதுக்கீட்டில் 3,48,000 ரூபாயும் ஆகின்றன. சேரும் ஆண்டில் நடப்பில் உள்ள தொகையைக் கலந்தாய்வுத் தளத்திலேயே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். நடைமுறையில் இதற்கு மேல் பேருந்துக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், ‘வேலைவாய்ப்புப் பயிற்சி’ என்று சேர்ந்துகொண்டே போகின்றன. ஒரு கல்லூரியில் எங்களுக்குச் சொன்ன மொத்தத் தொகைக்கு எழுத்தில் ஒரு துண்டுச்சீட்டுகூடத் தர மறுத்தார்கள். தமிழ்நாட்டில் நன்கொடை வசூலைத் தடைசெய்யும் சட்டம் 1992 முதல் இருக்கிறது; ரசீது தராத தொகை எதையும் கட்டாமல் எழுந்து வந்துவிடுவதே நல்லது. நாங்களும் அப்படியே வந்தோம்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ஆம் வகுப்புவரை படித்த பிள்ளைகளின் கணக்கே வேறு. 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அந்தப் பிள்ளைகள் செலவுக்குப் பயந்து பக்கத்து ஊரிலேயே நின்றுவிடத் தேவையே இல்லை; கிண்டியையும் பி.எஸ்.ஜி.யையும் துணிந்து முதலில் போடலாம். மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் உள்ளன. இந்தத் தகவல் ஏற்காடு மலைக் கிராமங்களின் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சரியான நேரத்தில் போய்ச்சேர வேண்டும் என்பது என் தீராத ஆதங்கம். பட்டியல் இன, பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும், வீட்டின் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையும் தனித்தனியே உண்டு. சான்றிதழ்களைக் கலந்தாய்வு தொடங்கும் முன்பே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். வளாகத்தில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சேலத்திலேயே விநாயகா மிஷன் நிறுவனத்தின் பொறியியல் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் சீரகாப்பாடி வட்டாரத்தில் இருக்கின்றன. மருத்துவமனை அருகிலேயே உள்ளது என்ற வகையில் இவை என் இரண்டாவது அளவுகோலுக்குப் பொருந்துகின்றன. ஆனால் இங்கெல்லாம் சேர்க்கை அரசுக் கலந்தாய்வு வழியாக நடப்பதில்லை. கட்டணத்தை நிறுவனமே வகுக்கிறது. உதவித்தொகை எவ்வளவு, அது நான்கு ஆண்டுக்கும் தொடருமா, மதிப்பெண் குறைந்தால் நின்றுவிடுமா என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே முடிவெடுக்க வேண்டும்.

கடனைப் பற்றிய கணக்கை அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். 8 லட்ச ரூபாய்க் கடனை 10 சதவீத வட்டியில் பத்தாண்டில் அடைப்பதென்றால் மாதத் தவணை 10,500 ரூபாயைத் தாண்டுகிறது. படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. எங்கள் ஊர் மருத்துவமனைகளில் புதிதாகச் சேரும் பயோமெடிக்கல் பொறியாளர் தொடக்கத்தில் மாதம் 20,000 ரூபாயை எட்டுவதே பெரிது. பாதிக்கு மேல் தவணைக்கே போய்விட்டால் அந்தப் பிள்ளை சென்னைக்கோ பெங்களூருக்கோ போய், கருவி நிறுவனத்தில் சர்வீஸ் இன்ஜினியராகக் கற்றுக்கொண்டு மேலே வரும் வாய்ப்பையே இழந்துவிடும். அதனால் மொத்தச் செலவு 4 லட்சத்தைத் தாண்டும் எந்த இடத்துக்கும், அங்கே ஆய்வகமும் மருத்துவமனையும் மிகச் சிறப்பாக இருந்தால் ஒழிய, நாங்கள் சம்மதிக்கவில்லை.

வேலைவாய்ப்பு நிலவரத்தை மிகைப்படுத்தவும் கூடாது, குறைத்துச் சொல்லவும் கூடாது. 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள மருத்துவக் கருவிகள் விதிகளால், கருவித் தயாரிப்பு நிறுவனங்களில் தரக்கட்டுப்பாடு, ஒழுங்குமுறை ஆவணங்கள் தொடர்பான வேலைகள் பெருகியுள்ளன. என்.ஏ.பி.எச். தரச்சான்று கேட்கும் மருத்துவமனைகள் கருவிகளின் பராமரிப்புக்கும் காலிபரேஷனுக்கும் (அளவு சரிபார்ப்புக்கும்) பதிவேடு வைத்தாக வேண்டும். அதற்கு ஆள் வேண்டும். இந்த விதிகளை விருப்பப் பாடமாகவாவது நடத்தும் துறை, காலத்தோடு ஒட்டி நடக்கும் துறை. எம்.டெக். போன்ற முதுநிலைப் படிப்புகளுக்கான கேட் நுழைவுத் தேர்வில் 2020 முதல் பயோமெடிக்கலுக்குத் தனித் தாள் இருக்கிறது. அதை எழுதித் தேறியவர்கள் துறையில் யாராவது உண்டா என்று கேட்டால் ஆசிரியர்களின் தரமும் ஓரளவு தெரிந்துவிடும்.

நல்ல கல்லூரியில் பயோமெடிக்கல் கிடைக்காமல், அதே செலவில் நல்ல கல்லூரியில் இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) கிடைத்தால் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். இ.சி.இ. எடுக்கலாம் என்பது என் கருத்து. ஐ.ஐ.டி. மெட்ராஸ், வேலூர் சி.எம்.சி., திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிலையம் ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் இன்ஜினியரிங் எம்.டெக். போன்ற படிப்புகளுக்குப் பிற பொறியியல் பிரிவினரும் கேட் எழுதிப் போகலாம். உள்நாட்டிலேயே செயற்கை இதய வால்வை உருவாக்கிய அந்த நிலையத்தில் சில மாதங்கள் படிக்கக் கிடைப்பது, சுமாரான கல்லூரியில் நான்கு ஆண்டு பயோமெடிக்கல் படிப்பதைவிட மேல். ஜே.இ.இ.யில் நல்ல இடம் பெற்றவர்களுக்கு ரூர்கேலா, ராய்ப்பூர் என்.ஐ.டி.க்களிலும் ஐ.ஐ.டி. ஹைதராபாத்திலும் பி.டெக். பயோமெடிக்கல் உண்டு. ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2023-இல் தொடங்கிய மருத்துவ அறிவியல் மற்றும் பொறியியல் பி.எஸ். படிப்புக்கு ஐசர் நிறுவனங்கள் நடத்தும் ஐ.ஏ.டி. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

அக்கா மகளின் விருப்பப் பட்டியலில் கிண்டி, பி.எஸ்.ஜி., எஸ்.எஸ்.என். என்ற வரிசைக்குப் பிறகு கருப்பூர் அரசுக் கல்லூரியின் இ.சி.இ.யையும், அதன்பின் திண்டலையும், சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்த அந்தக் கல்லூரியையும் போட்டோம். கண்ணாடி அலமாரிக் கல்லூரியைப் போடவில்லை. அவளுக்குத் தற்காலிக ஒதுக்கீட்டில் அந்தப் பழைய மேசைகள் உள்ள கல்லூரி, அரசு ஒதுக்கீட்டுக் கட்டணத்தில், கிடைத்திருக்கிறது. இடத்தை ஏற்றுக்கொண்டு, மேலே காலியானால் மாற விருப்பம் என்ற தெரிவையும் கெடுவுக்குள் பதிவு செய்துவிட்டாள். மேலே எதுவும் நகராவிட்டால் அங்கேயே சேரலாம் என்பதில் வீட்டில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.